ஊசி குத்துறதுக்கு முன்னாடி

கொஞ்சம் பொறுங்க சிஸ்டர். ஊசிக்குப் பயமெல்லாம் இல்லை, பெத்தவளுக்கு இது என்ன பெருசு. வேர்க்குதா? மாடிப்படி ஏறி வந்தேன்ல, அதான்.

வேலையா? துணி வெளுக்குற கம்பெனி. லாட்ஜுங்களுக்குப் போற பெட்ஷீட்டு. மடிக்க ரெண்டு பேர் வேணும், இந்த முனையில நான், அந்த முனையில இன்னொருத்தி. நான் லீவு போட்டா அவளும் சும்மா நிக்கணும், அவ சம்பளத்துலயும் கை வைப்பாங்க. அப்புறம் அவ மூஞ்சில எப்படி முழிக்கிறது, நீங்களே சொல்லுங்க.

வீட்ல ஒரே பொண்ணுதான், பத்து வயசு. ஒரு வாரம் விடாம சிரிச்சுப் பேசிக்கிட்டே இருப்பா, கண்ணை மூட மாட்டா. அடுத்த வாரம் சுவத்தைப் பாத்து உக்காந்தான்னா தண்ணிகூட இறங்காது. சரிபண்ணிக் கூட்டிட்டு வாங்கன்னு ஸ்கூல்ல அனுப்பிட்டாங்க. அவ என்ன ரேடியோவா, திருகிச் சரிபண்ண?

குழந்தைங்க மனசுக்குப் பாக்குற டாக்டர் இங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவைதானே வர்றாரு, அதுவும் காலையில. முதல் தடவை லீவு போட்டு வந்தேன், டோக்கன் தீந்துபோச்சு. அடுத்த தடவை டாக்டரே வரலை. இனி எப்போன்னு கேட்டா போர்டைப் பாருங்கறாங்க. போர்டுல போன வருஷத்துத் தேதி. வயித்தெரிச்சலா இருந்துச்சு சிஸ்டர். பெரியவங்களுக்குப் பாக்குறவரு தினம் இருக்காரு. ஷிப்ட் முடிஞ்சு ஓடி வந்தாலும் பாக்குறாரு.

ஆமா, நாலு மாசமா அவர்கிட்டதான் வர்றேன். தூக்கம் வரலை, சிரிப்பு நிக்கலை, அப்புறம் பேச்சே வரலைன்னேன். மாத்திரை எழுதினாரு. நல்லாக் கேக்குது, பொய் சொல்லக் கூடாது. இப்பதான் வீட்ல தூக்கம்னு ஒண்ணு இருக்கு. போன வாரம் பொண்ணு ஸ்கூல் பையை எடுத்துத் தோள்ல மாட்டிக்கூடப் பாத்தா.

ஒரு வேளைகூடத் தப்பினது இல்லை சிஸ்டர். நேரம் தவறாமதான்.

இருங்க, கையை விடுங்க. ரத்தத்துல மாத்திரை எவ்வளவு ஏறியிருக்குன்னு பாக்கத்தானே இது? என் ரத்தத்துல ஒண்ணும் இருக்காது. பாதியா உடைச்சு அவளுக்குத்தான் குடுக்குறேன்.

வெளிய படியில உக்காந்திருக்கா. முந்தாநாள்லேர்ந்து கை நடுங்குது, டம்ளரைப் பிடிக்க முடியலை. கூப்பிடறேன், அவளுக்கு எடுங்க. சீட்டுல மட்டும் என் பேரே இருக்கட்டும் சிஸ்டர். பேரு மாறினா மாத்திரை நின்னுடும்.