படலையில் தொங்கிய கஞ்சி

மாலை ஆறரை மணி. பாங்கொக் பட்டணத்தில், வாய்க்காலை ஒட்டிய ஒரு குறுக்கு ஒழுங்கை. வெளியே பெருந்தெருவில் வாகனம் குவிந்து கிடக்கிறது. ஒழுங்கைக்குள் ஒரு சனம் இல்லை. தண்ணீர் படிக்கட்டில் மோதும் சத்தம்... ளக்... ளக்... அவ்வளவுதான்.

அதற்குள்ளே முதுகுப் பையோடு நடந்து போனவன் சுபாஸ்கரன். எங்கள் ஊர்க் குகதாசன் இருக்கிறாரே, அவருடைய அக்காவின் மகன். யாழ்ப்பாணத்து உடுவிலில் சாப்பிட்ட கோப்பையைக் கழுவியறியாத துரை. வயது இருபத்தொன்பது. ஒரு மாதம் பாங்கொக்கில் அந்த ஊர் ஆளாகவே வாழ்ந்து காட்டுகிறேன் என்று வீடியோவில் அறிவித்துவிட்டுப் போனான். ஏதோ ஊரே அதைக் கேட்டு அழுததுபோல!

வாழ்ந்து காட்டிய அழகைக் கேளுங்கள். எட்டுப் பேர் படுக்கும் அறையில் மேல் கட்டில். முதல் வாரம் பஸ் மாறி ஏறி மூன்று தரம் தொலைந்தான். உடுப்புத் தோய்க்கும் மெஷினில் சப்பாத்தைப் போட்டு எல்லாரிடமும் ஏச்சு வாங்கினான். இரண்டாம் வாரம் கடையில் சாப்பிடவும் மனம் வரவில்லை, அப்படியொரு பிசினாறி.

அப்போதுதான் அந்த ஒழுங்கை முடிவில் செத்தவீடு கண்டான். விகாரை மண்டபம். பெட்டி, பக்கத்தில் செத்த கிழவரின் படம், வெள்ளைப் பூ, ஊதுபத்திப் புகை. அங்கே ஆறேழு நாள் உடலை வைத்திருப்பார்கள். ஒவ்வொரு மாலையும் வந்தவர்களுக்கு இஞ்சி போட்ட அரிசிக் கஞ்சி, சுடச்சுட. நீ யார் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். துரை போய் உட்கார்ந்து இரண்டு கிண்ணம் குடித்தார். வெட்கம் என்ற சாமானை உடுவிலிலேயே விட்டுவிட்டல்லவா போனவர்!

எழும்பும்போது என்ன செய்தான் தெரியுமா? போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு, கிழவரின் படத்தைப் பார்த்துப் பல்லை இளித்தபடி, "அப்ப அப்பு, போட்டு வாறன்" என்றான்.

செத்தவீட்டிலிருந்து நாங்கள் யாராவது சொல்லிக்கொண்டு வெளிக்கிடுவோமா? பேசாமல் எழும்பி வருவோம். அங்கே போய் வருகிறேன் என்றால், இன்னொரு சாவுக்கு வருவதாக வாக்குக் கொடுத்ததுபோல. இது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் நக்கல்.

ஆறு மாலை இப்படியே. ஏழாம் நாள் தகனம். அன்றைக்குக் கஞ்சி இல்லை என்று கேள்விப்பட்டதும் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

அன்று ஆறரைக்குக் கட்டிலில் கிடக்கிறான். அறையில் வேறு யாரும் இல்லை. கதவுப் பிடியில் ஏதோ... சரக்... சரக். திறந்தால் ஒரு பொலித்தீன் பை. அந்த ஊர்க் கடைகளில் கறி கட்டித் தருவதுபோல, வாயை முறுக்கி றப்பர் பாண்ட் போட்டிருந்தது. உள்ளே கஞ்சி. கை சுட்டது. இஞ்சி மணம்... அதற்கடியில் ஊதுபத்தி மணம்.

மறுநாளும். அதற்கு மறுநாளும். நான்காம் நாள் எங்கள் உலகம் சுற்றும் வீரன் முதுகுப் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு ஓடி வந்துவிட்டான்.

எல்லாவற்றையும் தாய் குணலட்சுமியிடம் சொன்னான். அவர் கேட்டது ஒன்றுதான்.

"வாசலுக்கு வந்த கஞ்சியைக் குடிச்சனீயோ?"

"இல்லையம்மா. வாய்க்காலுக்கை ஊத்திப்போட்டன்."

"அப்ப தப்பினாய். அந்தக் கிழவரின்ரை செத்தவீட்டிலை நீ குடிச்சது வேறை. உன்ரை வாசலைத் தேடி வாறதைக் குடிச்சாயெண்டால், அவர் கூப்பிட்டதுக்கு நீ ஓம் எண்ட மாதிரி. பிறகு ஆராலும் மறிக்கேலாது. விளங்குதோ?"

தலையாட்டினான்.

அன்றே வந்தது. உடுவிலில், ஆறரைக்கு, ஒழுங்கையில் ஆளரவம் இல்லாத நேரம். வாசல் படலையில் சரக்... சரக். கடல் தாண்டி வந்த பை, இன்னும் சூடு ஆறவில்லை. குணலட்சுமி அதை வேலிக்கு வெளியே ஊற்றினார். தெருநாய் ஒன்று மோந்து பார்த்துவிட்டு வாலை ஒடுக்கிக்கொண்டு போனது. ஐந்து மாலை அப்படி ஊற்றினார். மகன் தப்பவேண்டும், அது போதும் அந்த மனிசிக்கு.

ஆறாம் மாலை கோயிலில் பூசை முடியப் பிந்திவிட்டது. மூச்சு வாங்க ஓடி வந்தார். படலையில் பை இல்லை. குசினி அடுப்படியில் துரை விரலை நக்கிக்கொண்டிருக்கிறார்.

"என்னடா செய்தனீ?"

"எத்தினை நாளைக்கணை ஊத்துறது? நல்ல சாமான், வீணாப் போகுது. பாரணை, எனக்கு ஒண்டும் செய்யேல்லை."

சும்மா கிடைத்தால் எமனிடமும் கைநீட்டுகிற பிறவி! அன்றிரவு அவன் வயிறு நிறைந்து குறட்டை விட்டான். குணலட்சுமி விடியும்வரை அவன் கட்டிலடியில் இருந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தார்.

மறுநாள் மாலை கஞ்சி வரவில்லை. படலையில் ஒரு உடுப்பு மடித்துத் தொங்கியது. கறுப்பு. அந்த ஊரில் செத்தவீட்டில் செத்தவரின் சொந்தக்காரர் கறுப்புத்தான் உடுப்பார்கள். குணலட்சுமி விரித்தார். ஆம்பிளைச் சேட் இல்லை... பெண்கள் போடும் சட்டை. தன் தோளில் வைத்துப் பார்த்தார்.

அளவு சரியாக இருந்தது.