ஆளுக்கு இருபத்தாறு நிமிடம்

கமராவுக்கு முன்னால் வயிற்றை உள்ளே இழுக்காத தமிழரை நான் இந்த முப்பது வருடத்தில் கண்டதில்லை. விசாரணைக் குழுவில் இருக்கும் நீங்கள் மூவரும் விதிவிலக்கல்ல. உங்கள் மூவரின் கல்யாண வீடியோக்களையும் எடுத்தவன் நான். குழுவின் தலைவர் பிரசாந்தன் தாலி கட்டும்போது கை நடுங்கிய நடுக்கத்தில் கெட்டிமேளத்தை இரண்டு தடவை அடிக்க வேண்டி வந்தது. அதை வெட்டி ஒரே தடவையாக்கிக் கொடுத்தேன். வீடியோவில் அவர் சிங்கம்போலக் கட்டுகிறார். ஆகவே வெட்டுவதும் ஒட்டுவதும் என் தொழில் என்பதை எங்கள் தமிழ்ச் சங்கம் இப்போதுதான் கண்டுபிடித்ததுபோல் நடந்துகொள்ள வேண்டாம்.

என் பெயர் ஜெயரத்தினம். ஒஸ்லோவில், குரோருட்டில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பராமரிப்பது என் வேலை. கதவு திறப்பது, பனி தள்ளுவது, ஒழுகும் குழாயைத் திருத்துவது எல்லாம் அதில் அடக்கம். சனி ஞாயிறுகளில் சங்கத்தின் இணையத் தொலைக்காட்சியைப் பதினெட்டு வருடமாகத் தனியாளாக நடத்தினேன். நிலக்கீழ் அறை ஒன்று, இரண்டு கமரா, ஒரு கணினி. சம்பளம் கேட்டதில்லை. மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தவும் எவருக்கும் தோன்றவில்லை. அதையும் நான் கேட்டதில்லை.

ராஜா ஆளும் நாடு இது. இங்கே எங்களுக்கு மட்டும் ஒரு ஜனாதிபதித் தேர்தல் நடக்கிறது. சங்க யாப்பில் ‘தலைவர்’ என்று போட மனம் வராமல் ‘பிரசிடென்ட்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மொத்தம் அறுநூற்றுச் சொச்சம் வாக்கு. நோர்வேத் தொலைக்காட்சி தேர்தலுக்கு முன் கட்சித் தலைவர்களின் சமையலறைக்குள் போய்ப் படம் எடுப்பதைப் பார்த்த நிர்வாகத்துக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. இரண்டு வேட்பாளர், இரண்டு ஆவணப்படம். ஆளுக்கு இருபத்தாறு நிமிடம், ஒரு விநாடி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக நோர்வேஜிய மொழியில் எழுத்தோட்டம் போட வேண்டும். பேச்சு மட்டுமல்ல, திரையில் தெரிகிற தமிழ் எழுத்தையெல்லாம் பெயர்க்க வேண்டும். இந்த விதியை எழுதியது நானல்ல, நிர்வாகம். கூட்டக் குறிப்பில் இருக்கிறது.

முதல் வேட்பாளர் சிறீஸ்கந்தராசா. மூன்று தடவை பிரசிடென்டாக இருந்து மூன்று தடவையும் மண்டபத்துக்குத் திரைச்சீலை வாங்கியவர். தான் பனிச்சறுக்குவதை எடுக்க வேண்டும் என்றார். வாழ்க்கையில் அதுவரை சறுக்கியதில்லை என்பதைக் காட்டுக்குப் போன பிறகுதான் சொன்னார். ஏழு தடவை விழுந்தார். எட்டாவது தடவை நின்ற இடத்தில் நான்கு விநாடி அசையாமல் நின்றார். அதை எடுத்துப் பின்னால் நாதஸ்வரம் போட்டேன். பிறகு நாடாளுமன்றத்தின் முன்னால் கோப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். கோப்புக்குள் பீட்சாக் கடை விலைப்பட்டியல் இருந்தது. எந்த நாட்டு ஜனாதிபதி வேட்பாளரும் இதைவிடப் பெரிதாக ஒன்றும் கிழிப்பதில்லை என்பதால் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

இரண்டாவது வேட்பாளர் புஷ்பராணி. லில்லெஸ்ட்ரோமில் முதியோர் இல்லத்தில் தாதி. சனிக்கிழமைகளில் ஸ்டோவ்னரில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பவர். கணவர் இறந்து ஆறு வருடம், தக்ஷாயினி என்று ஒரே மகள். சனத்துக்கு அவரைப் பிடிக்கும். ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய்ப் பாத்திரம் கழுவுவார். அவ்வளவுதான்.

அவருடைய வீட்டில் படம் எடுக்கப் போன நாளில், நான் கேட்காமலே சாமி அறையைத் திறந்து விளக்கை ஏற்றினார். எங்கள் ஆட்களின் வீடியோ எதுவானாலும், பிறந்தநாளோ பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கோ, முதலில் விளக்கு, பிறகு சாமி, பிறகு மாலை போட்ட படங்கள் என்றுதான் தொடங்கும். நானே பழக்கிவிட்ட முறை அது. ஆகவே கமராவை விளக்கிலிருந்து மேலே கொண்டுபோனேன். பிள்ளையார், முருகன், தகப்பன், தாய். கடைசியாக ஒரு இளம்பெண்ணின் கறுப்பு வெள்ளைப் படம். கீழே எழுதியிருந்தது: ‘அமரர் புஷ்பராணி கந்தையா. தோற்றம் 1971. மறைவு 1990.’

புஷ்பராணி எனக்குப் பக்கத்தில் உயிரோடு நின்றுகொண்டிருந்தார்.

அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. “அண்ணை, அது என்ரை தங்கச்சி. இஞ்சை நோர்வேயின்ரை வடக்கிலை படிக்கிறதுக்கு அவளுக்குத்தான் இடம் கிடைச்சது. பாஸ்போட்டும் வந்திட்டுது. அந்த மாசமே பொம்மர் வந்து குண்டு போட்டதிலை செத்துப்போனாள். எங்களுக்கு முகம் ஒண்டுதானே, அம்மா அந்தப் பாஸ்போட்டிலை என்னை அனுப்பிவிட்டா. இதைப் போட்டிடாதேங்கோ அண்ணை.”

“யோசியாதேங்கோ” என்றேன். யோசிக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். போட மாட்டேன் என்று சொல்லவில்லை.

பேட்டி ஒரு மணித்தியாலம் நீண்டது. முடிவில், தெரிவானால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “ரீவியை இளம் ஆக்களிட்டைக் குடுக்கவேணும். ஜெயரத்தினம் அண்ணை பாவம், செய்து செய்து களைச்சுப்போனார். அஷ்வின் தம்பி நல்லாய்ச் செய்யுது” என்று சிரித்தபடி சொன்னார். அஷ்வின் தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்து இரண்டு வருடமான பையன். என்னுடைய படங்களைப் பார்த்துவிட்டு, “அங்கிள், கலரெல்லாம் ஒரு மாதிரி பச்சையா இருக்கே, கவனிச்சீங்களா?” என்று ஒருமுறை கேட்டவன். புஷ்பராணி சொன்ன அந்தப் பகுதியை நேரம் போதாமையால் வெட்டினேன். நான் இப்போது சொல்லப்போவதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

மாலை போட்ட படம் ஒன்றுக்கு வழக்கமாக இரண்டு விநாடி கொடுப்பேன். அந்தப் படத்துக்கு ஏழு விநாடி கொடுத்தேன். பேட்டியின் தொடக்கத்தில் அவர் தன்னை அறிமுகப்படுத்தும் குரலைப் படத்தின்மேல் ஓடவிட்டேன்: “என்ரை பேர் புஷ்பராணி. நான் எழுபத்தோராம் ஆண்டு பிறந்தனான்.” கீழே விதிப்படி எழுத்தோட்டம்: புஷ்பராணி, பிறப்பு 1971, இறப்பு 1990. ஒரு சொல்லைக்கூட நான் புனையவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த மிகச் சுத்தமான வெட்டு அது என்று இப்போதும் நினைக்கிறேன்.

தேர்தலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் இரண்டு படங்களையும் காட்டினோம், இணையத்திலும் ஏற்றினோம். முந்நூறு பேர் இருந்தார்கள். அந்த ஏழு விநாடியும் ஓடியது. மண்டபத்தில் சோடாப் போத்தல் திறக்கிற சத்தம்கூட இல்லை. எல்லாரும் வாசித்தார்கள், எல்லாருக்கும் விளங்கியது. பிறகு ஒருவர் கைதட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? அதில் பாதிப் பேர் இன்னொருவரின் பெயரிலோ வயதிலோ வந்து இறங்கியவர்கள். புஷ்பராணி முன்வரிசையில் தலை குனிந்து இருந்தார். அடுத்த நாளே படத்தை இணையத்திலிருந்து எடுக்கச் சொல்லி நிர்வாகம் செய்தி அனுப்பியது. எடுத்தேன். என் கணினியில் பிரதி இருந்தது.

அடுத்த ஞாயிறு வாக்கெடுப்பு. புஷ்பராணி நானூற்றுப் பன்னிரண்டு, சிறீஸ்கந்தராசா நூற்றெண்பத்தொன்று. பார்த்தும் பாராதவர்கள்போல் இருந்துவிட்டு வாக்கையும் போட்டுவிட்டு வடை சாப்பிட்டார்கள். நேர்மை, ஒழுக்கம் என்று ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் மணிக்கணக்காக முழங்குகிற சனம் இது. எனக்கு அருவருப்பாக இருந்தது.

புதன்கிழமை அஷ்வின் தொலைபேசி எடுத்தான். “அங்கிள், ஸ்டூடியோ சாவி உங்ககிட்டதான் இருக்காமே. மேடம் வாங்கிக்கச் சொன்னாங்க. சண்டே வரட்டுமா?” வரலாம் என்றேன்.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில், பள்ளிக்கூடத்து ஊழியர் அறையில் இருந்து பாணும் பழுப்புச் சீசும் சாப்பிட்டபடி, வெளிநாட்டவர் விவகாரங்களைப் பார்க்கும் அலுவலகத்துக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். பெயர் போடவில்லை. அவர்களுக்கு இருபத்தாறு நிமிடமும் பார்க்கப் பொறுமை இருக்காது என்பதால், மூன்றாவது நிமிடம் பன்னிரண்டாவது விநாடி என்று குறித்து அனுப்பினேன். பிறகு கை கழுவிவிட்டு உடற்பயிற்சி மண்டபத்துக் கதவைத் திருத்தப் போனேன்.

மீதி உங்களுக்குத் தெரியும். முதலில் கடிதம், பிறகு விசாரணை. முதியோர் இல்லம் அவரை வேலையிலிருந்து நிறுத்தியது. பிரசிடென்ட் பதவியிலிருந்து அவரே விலகினார். பிரஜாவுரிமை போயிற்று, மேன்முறையீடும் தோற்றது. முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு நாட்டை விட்டுப் போகச் சொல்லியிருக்கிறார்கள். தக்ஷாயினிக்கு அடுத்த மாதம் பிள்ளைப்பேறாம், தாய் பக்கத்தில் இருக்க முடியாதாம் என்று சனம் கண்ணீர் வடிக்கிறது. ஒஸ்லோவில் ஆஸ்பத்திரி இல்லையா என்ன.

அனுப்பியது சிறீஸ்கந்தராசா என்று நீங்கள் முடிவு கட்டியிருக்கிறீர்கள். கோயிலில் அவர் பக்கத்தில் ஒருவரும் நிற்பதில்லை. மனைவி கடைக்குப் போவதையே விட்டுவிட்டார். என்னை நீங்கள் கேட்டதெல்லாம் அந்தக் காட்சி எப்படித் தவறிப் படத்துக்குள் வந்தது என்பதுதான். தவறி. முப்பது வருடம் படம் வெட்டியவனிடம் கேட்கிற கேள்வியா இது? பனிச்சறுக்குத் தடியை எந்தக் கையில் பிடிப்பதென்று தெரியாத மனிதருக்கு மூன்றாவது நிமிடம் பன்னிரண்டாவது விநாடியைக் குறித்து அனுப்ப மூளை இருக்கும் என்று நீங்கள் நம்புவது எனக்கு அவமானமாக இருக்கிறது. என்னுடைய வேலைக்கு அவர் பெயர் எடுக்க நான் விடமாட்டேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நேற்றுப் பின்னேரம் புஷ்பராணி என் வீட்டுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை விமானம் என்றார். தேநீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. கதிரையின் நுனியில் இருந்தபடி கதைத்தார்.

“அண்ணை, இது உங்கடை படத்தாலை வந்ததெண்டு நீங்கள் மனவருத்தப்பட்டுக்கொண்டு இருப்பியளெண்டு நினைச்சன். அதுதான் போறதுக்கு முன்னம் ஒருக்கால் சொல்லிப்போட்டுப் போவமெண்டு வந்தனான். உங்களிலை ஒரு பிழையுமில்லை. எத்தினையோ படத்துக்குள்ளை அது எப்பிடி உங்கடை கண்ணிலை படும்? நான்தான் கழட்டி உள்ளுக்கை வைச்சிருக்க வேணும். அவளின்ரை படத்தைக் கழட்ட எனக்குக் கை வரேல்லை. உங்களுக்கும் கரைச்சல் தந்திட்டன்.”

அதை நான் மறுக்கவில்லை. அவர் சொன்னது நியாயம்தான். எழுந்து கும்பிட்டார், கண் கலங்கியிருந்தது. வாசல் வரை கூடப் போய், “பரவாயில்லைப் பிள்ளை, நான் ஒண்டும் மனசிலை வைச்சிருக்கேல்லை” என்று சொல்லி, அவரை மன்னித்து அனுப்பினேன்.