கண்ணையா இல்லாத ஐப்பசி

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மளிகைக்கடை பொங்கியண்ணன் அவர்களே, ஒரு கண்ணை என் மீதும் மறு கண்ணை வானத்தின் மீதும் வைத்து அமர்ந்திருக்கும் பீளமேடு மில் பின்வீதிப் பெரியோர்களே, தாய்மார்களே! அனைவருக்கும் வணக்கம்.

நம் வீதிச் சங்கத்தின் மழைநீர் வாய்க்கால் பொறுப்பாளர், ஓய்வுபெற்ற பம்ப்செட் ஃபிட்டர், 'வாய்க்கால் வேந்தர்' கண்ணையா மறைந்துவிட்டார். சங்கச் செயலாளரான நான் சூட்டிய பட்டம் அது. அவரைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பேசலாம் என்றுதான் வந்தேன். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது.

நாலு வருடத்துக்கு முன் வந்த ஐப்பசி வெள்ளத்தை மறந்துவிட்டீர்களா? வீதிக்கோடியில், பள்ளத்தில், ராமாத்தாள் அம்மா வீடு. வாதத்தில் படுத்த அவர் கணவரின் கட்டில் சட்டத்தைத் தண்ணீர் தொட்டுவிட்டது. கட்டிலோடு அவரைத் தூக்கி வந்தவர்கள் யார்? கண்ணையாவும் டெய்லர் அக்பர் அலி பாயும்! நான் என்ன செய்தேன்? மாடியில் நின்று 'பாத்துங்க, பாத்துங்க' என்று ஊக்கமளித்தேன்.

அன்றைக்குத்தான் கண்ணையா கேட்டார், அந்தத் தண்ணீர் யாருடையது என்று. நம் மொட்டை மாடியில் விழுந்தது, நம் சிமெண்டு வாசலில் வழிந்தது, ராமாத்தாள் அம்மா வீட்டில் போய் நின்றது! ஆகவே, வாய்க்கால் தூர்வார அவரவர் மாடியும் சிமெண்டும் எத்தனை சதுர அடியோ அதற்குத் தக்க பணம். மண் வாசலுக்கு எதுவுமில்லை என்றார். எவ்வளவு நியாயம்! எவ்வளவு வயிற்றெரிச்சல்!

அளக்கும் டேப்போடு என் வீட்டுக்கு வந்தார். என் மனைவி விடுவாரா?

"ஏனுங்க, மழை பெய்யறது சாமி செயலு. அதுக்கு எங்ககிட்ட காசு கேக்கறீங்களே?"

"பெய்யறது சாமி செயலுதானுங்க அம்மணி. அது ராமாத்தா ஊட்டுக்குள்ள போறது நம்ம செயலுங்க."

அதற்குப் பிறகு டேப்பின் மறுமுனையைப் பிடித்ததே என் மனைவிதான்.

நம் தலைவர் பொங்கியண்ணன் வாசல் சிமெண்டைப் பெயர்த்துவிட்டு முருங்கை நட்டார். காசு மிச்சம் பிடிக்க என்பது வீதிப்பேச்சு. தலைவர் முறைக்கிறார்; முருங்கை மேல் கொண்ட பாசம் என்று திருத்திக்கொள்கிறேன். கண்ணையா கோபித்தாரா? "காசு போனாப் போகுதுங்க. அந்த மண்ணு குடிக்கிற தண்ணி அத்தனையும் நமக்கு லாபமுங்க" என்று சிரித்தார்.

அவர் பயந்த நாள் ஒன்று உண்டு. ஆயுத பூஜை! கடை, பட்டறை, வீடு என்று எல்லாவற்றையும் கழுவுவோம். குப்பை எங்கே போகும்? வாய்க்காலுக்குத்தான். அன்று முழுக்கத் தடியோடு வாய்க்கால் ஓரம் நிற்பார். "மழை வார சமயத்துல அது வாய்ல துணிய அடைக்கறீங்களே, நல்லா இருக்குதுங்களா?" என்று கத்துவார்.

இந்த வருடம் பூஜைக்கு முன்பே போய்விட்டார். அவர் இடத்தில் யார் நின்றோம்? ஒருவரும் நிற்கவில்லை. பக்தியோடு கழுவினோம்! உடைத்த பூசணி, வாழை மரம், கிழிந்த சாக்கு, இரும்புத் தூள் எல்லாவற்றையும் வாய்க்காலை மூடிய கல்லுக்கு அடியில் தள்ளினோம். நேற்று வெறும் தூறல்தான். ராமாத்தாள் அம்மா வாசற்படியில், குங்குமம் தடவிய பூசணித் துண்டு மிதந்து வந்து முட்டியிருக்கிறது.

காலையில் அந்த அம்மா என் வீட்டுக்கு வந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் பேசியிருப்பேன்.

"தம்பி, கட்டிலுக்கு அடியில செங்கல்லு வெச்சு ஒசத்திப்போட்டேனுங்க. இன்னும் ஒசத்துனா அவரு உருண்டு உளுந்துருவாரு. நானு என்ன பண்ணட்டுமுங்க?"

அந்தக் கேள்வியை அப்படியே உங்கள் முன் வைக்கிறேன்.

கிழக்கே சூலூர்ப் பக்கம் பாருங்கள். மதியத்திலேயே இருட்டிவிட்டது. வேறு பட்டமும் பெருமையும் சொல்ல இன்னும் ஐந்தாறு பேர் காத்திருக்கிறீர்கள். மன்னியுங்கள். புகழுரை நாளைக்கும் கெடாது. அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்ல வேண்டிய இடம் இது. சொல்கிறேன்: வாய்க்கால் கல்லை இப்போதே தூக்குகிறோம். எனக்கு இடுப்புப் பிடிப்பு. கடப்பாரையை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதிலும் சந்தேகம். வீரத்தால் அல்ல, பயத்தால்தான் இறங்குகிறேன். பயப்படுகிற எல்லோரும் வாருங்கள்.

அக்பர் அலி பாய், மைக்கை நிறுத்துங்கள். மௌன அஞ்சலியை வாய்க்காலுக்கு நடந்துகொண்டே செலுத்துவோம்.