அசைக்கக் கூடாத நாற்காலி

டிஸ்க்கைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்கக் கூடாது. நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுக்க வேண்டும். பலருக்கு இது தெரியாது. எனக்கு அண்ணன் சொல்லிக் கொடுத்தார். நீங்களும் அப்படித்தான் துடைத்தீர்கள். அதைப் பார்த்த பிறகுதான் உங்களிடம் பேசலாம் என்று தோன்றியது.

பிளேயரைப் பழுது பார்க்க வந்த நீங்கள் மெனுவைத் திறந்ததும் கேட்டீர்கள்: "ஏன்க்கா, லெஃப்ட் ஸ்பீக்கர மட்டும் இவ்வளவு கொறச்சு வெச்சிருக்கீங்க? சின்னப் பசங்க யாராச்சும் நோண்டிட்டாங்களா?"

இந்த வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லை. குறைத்தது நான்தான். அண்ணன் வேலையிலிருந்து வர நேரமாகும். டீயைக் குடியுங்கள், சொல்கிறேன்.

அண்ணன் முன்பு ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தார். ஒரு பாட்டில் எந்த வாத்தியம் எவ்வளவு கேட்க வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை. காதுதான் எங்களுக்குச் சோறு போட்டது. இந்தப் பிளேயரை வாங்கிய அன்று ஊரையே விலைக்கு வாங்கியவர் மாதிரி நடந்தார். சிடி, டிவிடி, மற்றப் பெட்டிகள் துப்பிவிடுகிற விசேஷ டிஸ்க்குகள் என்று எதைக் கொடுத்தாலும் இது வேண்டாமென்று சொல்லாது. அறையின் நடுவில் அந்த நாற்காலி. இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் நூல் பிடித்து அளந்து, அதன் கால்களைத் தரையோடு திருகிவிட்டார். அதை அசைக்கக் கூடாது என்பது இந்த வீட்டின் சட்டம்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். டிஸ்க்கைத் தேடி எடுப்பது, துடைப்பது, போடுவது, ரிமோட்டை அமுக்குவது எல்லாம் என் பொறுப்பு. மெனு தெரிகிற இந்தச் சின்னத் திரையும் என் முக்காலிப் பக்கம்தான் திரும்பியிருக்கும். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எங்கள் மாலைகள் இப்படித்தான் போயின. எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

பிறகு டப்பிங் பேசுகிற பெண் ஒருவர் வந்தார். நல்லவர், அதை மறைக்க மாட்டேன். கல்யாணம் முடிந்ததும் இருவரும் வேறு ஊரில் பெரிய கூடம் ஒன்றில் சேர்வதாக ஏற்பாடு. அண்ணன் அந்த நாற்காலியில் இருந்தபடியே சொன்னார்:

"பாப்பா, நீ சித்தி வீட்டுல இருந்துக்க. செட்ட நான் எடுத்துட்டுப் போறேன்."

"செட்ட எடுத்துட்டுப் போறீங்களாண்ணா?"

"பின்ன? அத விட்டுட்டு நான் எப்படி இருப்பேன்?"

நியாயம்தான். அன்று மாலை இடது பக்கத்தை ஒரு புள்ளி குறைத்தேன். ஒரேயடியாகக் குறைத்தால் பெட்டியில் கோளாறு என்பார். அதனால் அவ்வப்போது ஒரு புள்ளி, குழம்புக்கு உப்புப் பார்க்கிற மாதிரி.

"பாப்பா, பாட்டு வலது பக்கமா சாயுதே."

"எனக்கு நல்லாத்தான் கேக்குதுண்ணா."

அவர் லேசில் விடுகிற ஆள் இல்லை. வயர்களை அப்படியே விட்டுவிட்டு, ஸ்பீக்கர்களை மட்டும் கழற்றி இடம் மாற்றி மாட்டினார். குறைச்சல் இடது பக்கமே நின்றது. அதில் என் கை எதுவும் இல்லை, தானாக அமைந்தது. அடுத்து வயர்களை மாற்றிப் போட்டார். அது சரியான சோதனை. கோளாறு பெட்டியில் என்றால் குறைச்சல் வலது பக்கம் தாவிவிடும். அவர் அலமாரிக்குப் பின்னால் தலையை நுழைத்திருந்தபோது நானும் மெனுவில் இடது பக்கத்தை ஏற்றி வலது பக்கத்தைக் குறைத்தேன். வந்து உட்கார்ந்தார். குறைச்சல் மறுபடி இடது பக்கமே இருந்தது. மெல்லத் தன் இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு அவர் வயர்களைப் பழையபடி மாட்டியபோது நானும் மெனுவைப் பழையபடி மாற்றிவிட்டேன்.

நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தால் அன்றே என் குட்டு உடைந்திருக்கும். காதில் குறை இருந்தால் அது காதோடு திரும்பும், ஸ்பீக்கரோடு நிற்காது. ஆனால் நாற்காலியை அசைக்கக் கூடாதே. சட்டம் போட்டவர் அவர்தான்.

காது டாக்டர் சோதித்துவிட்டு, "உங்களுக்குப் பாம்புக் காது சார், போய் வேலையப் பாருங்க" என்றார். அண்ணன் வாசலுக்கு வந்ததும், "ஓட்ட ஹெட்போன் ஒண்ண மாட்டிவிட்டு பீப் பீப்னு அடிக்கறாரு. அதுக்கு நம்ம செட் எவ்வளவோ மேல்" என்றார். நானும் ஆமாம் என்றேன்.

கூடத்திலும் அவர் தன் காதை நம்புவதை விட்டார். கேட்காத காதை ஈடுகட்டுவதாக நினைத்து இடது பக்கத்தைத் தூக்கி வைத்தார். இடது பக்கம் இரைகிறது என்று பாட்டு திரும்பி வந்தது. அதை நான் செய்யவில்லை. அதையும் என் தலையில் போடாதீர்கள்.

டப்பிங் பெண்தான் கடைசியில் ஒரு வழி சொன்னார். "நான் உக்காந்து கேக்கறேன். எனக்கும் கம்மியா இருந்தா மிஷினு. இல்லன்னா காது. அவ்வளவுதானே?"

கெட்டிக்காரர். அவர் நாற்காலிக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு பக்கத்தையும் சமமாக்கிவிட்டேன். நன்றாகக் கேட்டார். அவருக்குப் பொய் சொல்ல வராது.

"ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருக்குங்க" என்றார். சொல்லிவிட்டு அழுதார். அண்ணன் மறுபடி உட்கார்ந்தபோது நான் பழையபடி வைத்திருந்தேன்.

அந்தப் பெண் போகவே மாட்டேன் என்றார். அண்ணன்தான் அனுப்பி வைத்தார். "உன் குரலையே பாதிதான் கேக்கப் போறேன். உனக்கு எதுக்கு இந்தத் தலையெழுத்து?" கூடத்து வேலையையும் விட்டார். இப்போது ஒரு பெயிண்ட் கிடங்கில் இருக்கிறார். காது தேவைப்படாத வேலையாகப் பார்த்துச் சேர்ந்தார்.

தெருவில் போகும்போது நான் அவருக்கு இடது பக்கம் நடப்பேன். அந்தப் பக்கம் வண்டி வருவது எனக்கு முன்னால் அவருக்குத்தான் கேட்கிறது. கேட்டதும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். "நல்லவேள, நீ இருக்கே பாப்பா" என்பார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். பெட்டி மறுபடி பாடுகிறது, ரொம்ப நன்றி. இரண்டு பக்கத்தையும் சமமாக்கிவிட்டேன் என்றீர்கள். அதை மட்டும் பழையபடி குறைத்துவிட்டுப் போங்கள். இன்று மாலை அண்ணன் வந்து உட்கார்ந்து, இரண்டு பக்கமும் ஒன்றாகக் கேட்டுவிட்டால் மனுஷன் என்ன ஆவார் என்று யோசித்துப் பாருங்கள். கூடப் பிறந்தவருக்கு அப்படி ஒரு கொடுமையைச் செய்ய எனக்கு மனசு வராது.