ராணி இல்லாத பெட்டி

டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். நெடுங்காட்டில் என் பெயரைச் சொல்லி, நீலகண்டன் வீட்டுத் தேன் என்று கேட்டால் யாரும் சொல்வார்கள். வேப்பம்பூக் காலத்துத் தேன் லேசாகக் கசக்கும், ஆனால் அதற்குத்தான் ஆள் வருவார்கள்.

சிவநாதன் என் தங்கை தாமரைச்செல்வியின் புருஷன், திருமலைராயன்பட்டினத்துக்காரன். இன்னொருத்தியை வீட்டுக்குக் கூட்டிவந்து, இரண்டு பேரும் அனுசரித்துப் போங்கள் என்றான். தங்கை பையோடு என்னிடம் வந்துவிட்டாள். தேனீ பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். கொஞ்சம் சிரிக்க ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து, அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு, எங்கள் சித்தப்பா வீட்டுக் காதுகுத்துப் பந்தியில் வந்து நின்றான்.

"உங்கண்ணன் வீட்டுல இருந்தது போதும், வா தாமரை."

பரிமாறிய இலையை மூடிவிட்டு அவள் எழுந்து அவனோடு போனாள். சொந்தபந்தம் மொத்தமும் என் முகத்தைப் பார்த்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, இன்னும் எரிகிறது. மறுநாள் ஒரு தேன்பெட்டியை மட்டும் கேட்டு வாங்கிப்போனாள்.

அவனுக்குத் தேனீக்கொட்டு ஆகாது. முன்பு ஒரே ஒரு கொட்டுக்கு மூச்சடைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தவன்.

மாசியில் தங்கையைப் பார்க்கப் போனேன். பெட்டியைச் சுத்தம் செய்கிற சாக்கில் ராணித்தேனீயைப் பிடித்து நசுக்கினேன். ராணி இல்லாத கூட்டம் சிடுசிடுக்கும். எதிர்பார்த்தபடியே போன் வந்தது.

"ராணியக் காணோம்ணே."

"புதுசு வளர்றதுக்குள்ள கூட்டம் அழிஞ்சிரும்மா. என் பெட்டியோட சேத்துடலாம். மாப்பிள்ளைகிட்ட குடுத்தனுப்பு, வாசலை அடைச்சுட்டா ஒண்ணும் பண்ணாது."

பயந்துகொண்டேதான் வண்டியில் வைத்துக் கொண்டுவந்தான். "அவளுக்கு இதுன்னா உசுரு மச்சான்" என்றான்.

சேர்ப்பது சுலபம். ராணி உள்ள பெட்டியின் மேல் தினசரித் தாளை விரித்து, இல்லாத பெட்டியை அதன்மேல் வைக்க வேண்டும். தாளைக் கடித்துத் துளைத்து வருவதற்குள் இரண்டு கூட்டத்துக்கும் வாசனை ஒன்றாகிவிடும். சண்டை வராது.

வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குத் தட்டு நீட்டாமல் இருக்கலாமா? வெற்றிலை பாக்கோடு கனிந்த பூவன்பழம் வைத்தேன். மச்சான் நீட்டும் தட்டை எங்களில் யாரும் மறுப்பதில்லை. இரண்டு பழம் தின்றான். ஒரு தேனீ கொட்டியதும் மற்றவற்றை உசுப்ப ஒரு வாசனை விடும். அது கிட்டத்தட்ட வாழைப்பழ வாசனை. அதனால் நாங்கள் பழம் தின்ற கையோடு பெட்டியைத் தொடமாட்டோம். அவனுக்கு அது தெரியாது.

கொல்லையில் முகவலை மாட்டிவிட்டதும் அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது. "தாளை மட்டும் புடிங்க மாப்பிள்ளை, காத்துல பறக்குது" என்றேன். வெறுங்கையோடு பிடித்தான். தேனீக்களை அடக்கும் புகை போடாமலே அவன் கொண்டுவந்த பெட்டியின் மூடியைத் தட்டித் திறந்தேன். புகைச்சட்டி எடுத்துவருகிறேன் என்று உள்ளே போய்க் கொல்லைக்கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். சுற்றிலும் மதில். "மச்சான், மச்சான்" என்று தட்டினான். பிறகு தட்டவில்லை.

எல்லாம் தங்கைக்காகத்தான் ஐயா. அவள் வந்து பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். நான் கற்றுக்கொடுத்தவள் அல்லவா.

"பழம் குடுத்தியாண்ணே?" என்றாள். வேறு எதுவும் கேட்காமல் நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

துக்கத்தில் இருக்கிறாள், கோபித்துக்கொள்ளாதீர்கள். மாடியறையைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். இனி என் வீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை.