பெற்றோர் கையெழுத்து

அந்தப் பொண்ணு சொன்னதை நான் முழுசா நம்பலம்மா. எட்டு வருஷமாச்சு, மனசோரம் ஒரு சந்தேகம் இருந்துக்கிட்டேதான் இருக்கு. யாரா? என் மக கூட ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல இருந்தவ. துக்கம் கேக்க வந்தப்ப என் கையைப் புடிச்சுக்கிட்டு, அங்கிள், அவளுக்கு வரிச்சட்டம்னா உசிரு, அதை உங்ககிட்ட சொல்லணும்னுதான் சந்தோஷமா ஊருக்குக் கிளம்பினான்னு அழுதா. ஆமாம்மா, பஸ் கவுந்துடுச்சு. அவ பை கூட கெடைக்கல.

உக்காரேன், ஆபீஸ் தொறக்க இன்னும் அரை மணி இருக்கு. இந்த வயசுல சட்டம் படிக்க வந்துட்டானேன்னு உங்களுக்கெல்லாம் சிரிப்பாத்தான் இருக்கும். தாத்தான்னு பேர் வச்சிருக்கீங்களாமே? அட, பரவால்ல, விடு.

வரி ஆபீஸ்ல குமாஸ்தாவா இருந்தவன் நான். வக்கீல் யாராவது உள்ள வந்தா எங்க அதிகாரி நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்திருப்பாரு. அந்தச் சத்தம் கேக்குறப்பெல்லாம், என் மகளுக்கும் ஒருத்தர் இப்படி எழுந்திருக்கணும்னு தோணும். அவளுக்குக் குற்றவியல் மேலதான் ஆசை. நான்தான் விண்ணப்பத்துல வரிச்சட்டம்னு என் கையால எழுதினேன். கொலைக் கேஸுல ஒருத்தன்தான்ப்பா சாவான், இதைப் படிச்சா கிளாஸே சாகும்னா அவ. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. நானும் சிரிச்சேன்.

அதான், வேலையை விட்டதும் அவ படிச்ச இதே காலேஜ்ல நானே வந்து சேந்தேன். இந்தப் பாடம் ஒருத்திக்குப் பிடிச்சிருக்குமான்னு பாத்துடலாமேன்னு. ஒரு நாள் ஒரு பிரிவு சட்டுனு புரிஞ்சுது, எனக்கே குஷியாயிடுச்சு. சரி, அந்தப் பொண்ணு நெசத்தைத்தான் சொல்லியிருக்கான்னு மனசு கொஞ்சம் ஆறுச்சு.

போன வாரம் ஆபீஸ்ல நீ சண்டை போட்டப்ப, பின்னாடி வரிசையில நான்தான் நின்னேன். பாடப்பிரிவை மாத்தணும்னா இந்த மஞ்சத் தாள்ல அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போடணும், நகல் எல்லாம் செல்லாது, ஊருக்குப் போய்க் கையோட வாங்கிட்டு வான்னு கவுண்டர்ல இருந்த அந்தம்மா கறாரா சொன்னாங்களே. நீ போனப்புறம் கேட்டேன், இது எப்பலேருந்துன்னு. பத்துப் பன்னெண்டு வருஷமா இதே தாள்தான், கடைசித் தேதியும் இதேதான்னாங்க.

என் மக கிளம்பினது அந்தத் தேதிக்கு மூணு நாள் முன்னாடிம்மா.

உங்கப்பா போட்டுட்டாரா? கொடு, பாக்கலாம். நல்லா அழுத்தித்தான் போட்டிருக்காரு. நான் போட்டிருப்பேனான்னு மட்டும் கேக்காத. தெரியல. நெசமாவே தெரியல.

நேத்து அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டேன். ரெண்டு குழந்தைங்களாம் இப்ப. எல்லாரும் சௌக்கியமான்னு விசாரிச்சேன். அப்புறம் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். ஏம்மா, அன்னிக்குக் கிளம்புறப்ப அவ கையில மஞ்சத் தாள் ஏதாவது இருந்துச்சா?