கார் திருப்பம் தாண்டும் வரை

— ஷூ அலமாரியைப் பிடிச்சு இழுக்காதீங்க அத்தை, அது உங்க மேலயே சாஞ்சிடும். அப்படியே உக்காருங்க, நான் தூக்கறேன்.

— உக்காந்துதானே இருக்கேன். கார் போயிருச்சா?

— போய் அஞ்சு நிமிஷமாச்சு.

— திருப்பம் தாண்டிருச்சா?

— தாண்டிருச்சு, தாண்டிருச்சு. அது தாண்டுற வரைக்கும் வாசல்ல நின்னு குனிஞ்சு வணக்கம் சொல்லிட்டே இருந்தீங்களே. தாண்டின மறு நிமிஷம் பொத்துனு விழுந்தீங்க.

— விழலடி. உக்காந்தேன்.

— உக்காந்தீங்களா! அலமாரில இருந்த பூச்சாடி கூட உங்களோட சேந்து உக்காந்துச்சு பாருங்க, சுக்குநூறா.

— வெந்நீர் ஊத்து விடுதில நாப்பது வருஷம் விருந்தாளிங்களுக்குத் தட்டு தூக்கினவ நான். விருந்தாளி கண்ணுல இருந்து மறையற வரைக்கும் நிக்கணும். விருந்தாளின்னா முதுகு தானா நிமிர்ந்துரும், நான் என்ன பண்ண?

— நிஷிசுகா அம்மா விருந்தாளி இல்ல! நகராட்சில இருந்து வந்தவங்க. உங்களால எதெல்லாம் முடியலன்னு பாத்து எழுதிட்டுப் போக வந்தவங்க. தினமும் காலைல கழிப்பறைக்குத் தவழ்ந்து போறீங்களே, அதைச் சொல்லணும். என் தோளைப் பிடிக்காம ரெண்டு அடி வைக்க முடியலன்னு சொல்லணும். நீங்க என்ன பண்ணீங்க?

— நடந்தேன்.

— நடந்தாங்களாம்! ராணி மாதிரி நடந்தீங்க. மரியாதை இல்லன்னு தரைப் பாயோட விளிம்பைக் கூட ஒரு தடவை மிதிக்கல நீங்க. அது பத்தாதுன்னு ஒத்தைக் கால் வேற. நான் டீத் தட்டோட உள்ள வரேன், நீங்க கொக்கு மாதிரி நிக்கறீங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. கப்பு கவுந்து நிஷிசுகா அம்மாவோட காகிதமெல்லாம் நனைஞ்சு போச்சு.

— எட்டு எண்ணுற வரைக்கும் நின்னேன். அந்தப் பொண்ணே வாய்விட்டு எண்ணினா.

— சிரிக்காதீங்க அத்தை. எனக்கு வயிறு எரியுது.

— சரி, சிரிக்கல. வலது முட்டி ரெண்டு மடங்காயிருச்சு பாரு. சிரிச்சா அங்கதான் வலிக்குது.

— வலிக்கட்டும். நல்லா வலிக்கட்டும்! ஐயோ, என்ன பேசறேன் நான்... எங்க, காட்டுங்க. அடக் கடவுளே, இப்படி வீங்கியிருக்கு.

— விடு. கை ஏன் நடுங்குது உனக்கு?

— கோவத்துல. நான் எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா? உங்களைப் பாத்துக்கற பகல்நேரக் காப்பகம் இப்ப வாரத்துல ரெண்டு நாள்தான். அதை அஞ்சு நாளாக்கித் தரச்சொல்லி எழுதிப் போட்டு, மூணு மாசம் காத்துக் கிடந்து, இன்னிக்குத்தான் ஆள் வந்துச்சு. நீங்க எந்தத் தேதில எங்க விழுந்தீங்கன்னு ஒண்ணு விடாம நோட்டுல எழுதி வச்சிருந்தேன். குளியலறைல ரெண்டு மணி நேரம் கிடந்தீங்களே, அது உட்பட.

— அந்த நோட்டைத்தான் அவ கண்ணுகிட்ட வச்சு வச்சுப் பாத்தா. "ஏன் இவ்வளவு பொடி எழுத்து?"ன்னு உன்னைக் கேக்கலயா?

— கேட்டாங்க. இடம் மிச்சம் பிடிக்கத்தான்னு சொன்னேன்.

— பாதி நோட்டு காலியாக் கிடந்துச்சே மித்சுயோ.

— இப்ப என் எழுத்தா முக்கியம்? ஏப்ரல்ல பள்ளிக்கூடம் திறந்துரும். சமையக்கட்டுல முந்நூறு பிள்ளைங்களுக்கு நான் கிளறணும். உங்களைத் தனியா விட்டுட்டு எப்படிப் போவேன், சொல்லுங்க பாப்போம்? காப்பகம் கிடைக்கலன்னா நான் வேலையை விடணும். அவரு போய் ஒம்பது வருஷத்துல எனக்குன்னு இருக்கறது அந்தச் சமையக்கட்டு ஒண்ணுதான்.

— தெரியும்.

— தெரிஞ்சுமா பண்ணீங்க? எங்கயாவது முதியோர் இல்லத்துல கொண்டு போய்த் தள்ளிருவேன்னு பயமா? அதான் நடந்து காட்டினீங்களா?

— நீ தள்ளமாட்ட. என் மகன் இருந்திருந்தா ஒருவேளை தள்ளியிருப்பான். நீ தள்ளமாட்ட.

— பின்ன ஏன்? முதல்ல ஒழுங்காத்தானே உக்காந்திருந்தீங்க! "ஆமாம்மா, தவழ்ந்துதான் போறேன்"னு உங்க வாயாலயே சொன்னீங்க. எனக்கு உயிரே வந்துச்சு. நிம்மதியா டீ போடப் போனேன். போய்ட்டு வரதுக்குள்ள என்ன பேய் பிடிச்சுது உங்களுக்கு?

— சொல்றேன். முதல்ல ஐஸ் எடுத்துட்டு வா.

— எடுத்துட்டு வரேன்.

— இரு. சமையலறைக்கு வேணாம். உன் புருஷன் படம் இருக்குற அறை வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வா.

— எதுக்கு? அங்க ஐஸா இருக்கு?

— போடின்னா போ. நான் பாக்கணும்.

— என்ன விளையாட்டு அத்தை இது... இந்தா, போறேன். போதுமா?

— பேசாம நட. வலது கையை வீசு.

— வீசிட்டுத்தானே இருக்கேன்.

— இல்ல. இடது கைதான் வீசுது. வலது கை ஒட்ட வச்ச மாதிரி தொங்குது.

— கரண்டி பிடிக்கற கை. அசந்து போயிருக்கும்.

— இப்ப லீவு. ரெண்டு வாரமா கரண்டியே பிடிக்கல நீ. நிலைப்படிகிட்ட ஏன் நின்ன?

— நிக்கலயே.

— நின்ன. பொடிப்பொடியா நாலு அடி வச்ச, நின்ன, அப்புறம்தான் தாண்டின. வீட்டுல எல்லா நிலைப்படிலயும் அப்படித்தான் பண்ற. உள்ளேர்ந்து காதாலயே கேக்கறேன். நாப்பது வருஷம் காலடிச் சத்தத்தை வச்சே எந்த அறை ஆள்னு சொன்னவ நான்.

— ஏதோ... கால் ஒரு நொடி தரையில ஒட்டின மாதிரி இருக்கு. அவ்வளவுதான். குளிருக்கு அப்படித்தான் இருக்கும்.

— இங்க வா. என் பக்கத்துல உன் செருப்பு கிடக்கு. எடுத்துப் பாரு. விழுந்ததுல இருந்து இதைத்தான் பாத்துட்டு இருக்கேன்.

— விழுந்தேன்னு ஒத்துக்கிட்டீங்களே இப்பவாவது.

— ஒத்துக்கறேன். வலது செருப்பைப் பாரு. நுனி மட்டும் தேஞ்சு கிடக்கு. இடது புத்தம்புதுசா இருக்கு.

— அத்தை, எனக்குப் பயமா இருக்கு. என்ன சொல்ல வரீங்க?

— என் தங்கச்சி தொகிக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. முதல்ல கை வீசறது நின்னுச்சு. அப்புறம் எழுத்து எறும்பாட்டம் ஆச்சு. அப்புறம் நிலைப்படி. அசதி, வயசு, குளிர்னு எல்லாரும் சொன்னோம், நானும் சேந்து சொன்னேன். மூணு வருஷம் கழிச்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா, இது நரம்பு வியாதி, ஏன் இவ்வளவு நாள் கழிச்சு வந்தீங்கன்னு திட்டினாரு.

— எனக்கு அறுபதுதான் ஆகுது.

— அவளுக்கு அம்பத்தெட்டு.

— என்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லல?

— சொன்னா போவியா? "உங்களை யார் பாத்துப்பா"ன்னு என்னையே சாக்கு சொல்லுவ. அதனால இன்னிக்கு நீ டீ போட எந்திரிச்சதும் அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சேன். "என்னைப் பாக்காதம்மா, அவ போறதைப் பாரு"ன்னு சொன்னேன்.

— பாத்தாங்களா?

— நீ சமையலறைக்குள்ள போற வரைக்கும் கண்ணெடுக்காம பாத்தா. அப்புறம் பேனாவை மூடி வச்சுட்டா. வியாழக்கிழமை காலைல அவளே காரோட வந்து உன்னை நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறா.

— நான் வரமாட்டேன்னா?

— நான் வாசல்ல நின்னு கார் திருப்பம் தாண்டற வரைக்கும் பாப்பேன். இறங்கி ஓடிர முடியாது.

— ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ணிட்டீங்க... சரி. சரி அத்தை. போறேன். ஆனா அதுக்கும் நீங்க ஒத்தைக் கால்ல நின்னதுக்கும் என்ன சம்பந்தம்? அதை மட்டும் சொல்லிருங்க.

— அவ ஒரே ஒரு கேள்விதான் கேட்டா மித்சுயோ. "உங்க மருமகளுக்கு முடியாமப் போயிட்டா, இந்த வீட்டுல அவங்களைப் பாத்துக்க யாரு இருக்கா?"ன்னு. அதுக்குத்தான் எந்திரிச்சு நடந்தேன்.